புழுதிக்கு ஊற்றிய தண்ணீர்

முன்னொரு காலத்தில், அடுத்தடுத்து மூன்று ஐப்பசி வந்தும் ஓடு நனைய ஒரு தூறல்கூடப் போடாமல் போன ஒரு நாட்டில், வீரகண்டர் என்று ஒரு ராஜா இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் பல் துலக்கும்போது என்ன யோசனை வருகிறதோ, அதைப் பொழுது சாய்வதற்குள் நடத்திப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. குறுக்கே யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணில் படாது.

அந்தச் சபையில் மருதக்கூத்தன் என்று ஒரு விகடன் இருந்தான். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் சபையே சிரிக்கும். கூத்தன் மட்டும் சிரிக்க மாட்டான். வீட்டுக்குப் போனதும் அன்றைக்குச் சொன்னதையெல்லாம் மனைவி வெள்ளையம்மையிடம் ஒன்று விடாமல் ஒப்பிப்பான். "இதுல ஏதாச்சும் ராஜாவுக்குக் குத்தலா பட்டிருக்குமா? அவரு சிரிச்சாரு, ஆனா கண்ணு சிரிக்கல போல இருந்துச்சு" என்பான். ஊர் சிரிக்கப் பேசுகிறவனுக்கு உள்ளுக்குள் இவ்வளவு பயம் என்று வெள்ளையம்மையைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒருநாள் மேட்டுப்புஞ்சை என்ற ஊரிலிருந்து குடியானவர்கள் சபைக்கு வந்தார்கள். மொத்தம் அறுபது குடும்பம். ஊரில் கிணறு வற்றிவிட்டது. அரண்மனைப் பொய்கையில் ஊற்று இன்னும் அடைபடவில்லை என்று கேள்விப்பட்டு, மாடுகளுக்காவது அதிலிருந்து தண்ணீர் விட உத்தரவு கேட்டு வந்திருந்தார்கள். கூத்தனும் வெள்ளையம்மையும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

ராஜா பதில் சொல்வதற்குள் பிரதானி நயினாரப்பர் எழுந்தார். அந்த மேட்டை வேட்டைக்காடாக்கித் தம் மைத்துனனைக் காவல் அதிகாரியாக வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"மகாராஜா, அடியேன் அந்த மண்ணை நேரில் பார்த்து வந்தேன். கைப்பிடி அள்ளினால் சாம்பல் மாதிரி பறக்கிறது. அது செத்த மண். செத்த மண்ணின் மேல் ஜனங்களை உட்கார வைத்திருப்பது பாவம். வேறு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று உத்தரவாக வேண்டும்."

குடியானவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜா தலையாட்டத் தொடங்கினார். அப்போதுதான் கூத்தனுடைய வாய், அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"மண் சாகவில்லை மகாராஜா. பிரதானியார் மேலே தடவிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். என் தலையைத் தடவிப் பார்த்தால்கூட உள்ளே ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்."

சபை சிரித்தது. பிரதானி சிரிக்கவில்லை. "அப்படியானால் மேலே காய்ந்த மண்ணுக்குள் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் ஊற்றாமலே பயிர் பிழைக்கும் என்கிறாரா விகடர்? மகாராஜா அதைச் சோதித்துப் பார்த்தால் என்ன?"

ராஜாவின் கண் பளிச்சென்று விரிந்தது. அன்றைக்கு அவருக்கு ஒரு யோசனை கிடைத்துவிட்டது.

"நம் மடப்பள்ளித் தோட்டத்தில் கத்தரிச் செடிகள் நிற்கின்றன. அதில் ஒரு செடி உன் பொறுப்பு, கூத்தா. இன்றிலிருந்து நாற்பது நாள். அந்தச் செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. நாற்பதாம் நாள் செடி உயிரோடு நின்றால் மேட்டுப்புஞ்சை ஜனங்கள் ஊரிலேயே இருக்கலாம், பொய்கைத் தண்ணீரும் உண்டு. செடி செத்தால் ஊர் காலி. பிரதானியைச் சபையில் கேலி செய்த குற்றத்துக்கு நீயும் கழுவேறு. எவனாவது செடிக்குத் தண்ணீர் ஊற்றினாலோ, ஊற்றினவனுக்கும் அதே கழுமரம்தான்!"

சொல்லிவிட்டு ராஜா சந்தோஷமாக எழுந்து சாப்பிடப் போனார். கூத்தன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். குடியானவர்கள் அவனைக் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு அவனுக்கு ராஜாவின் வார்த்தையைவிடப் பெரிய பயத்தைக் கொடுத்தது.

மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனான். முழங்கால் உயரத்தில் ஒரு செடி. அதைச் சுற்றி நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். மழவன் என்ற காவல் தலைவனும் ஆறு காவலர்களும் வேலும் கையுமாக நின்றார்கள். தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

"அங்க என்னப்பா வேலை நடக்குது?" என்றான் கூத்தன்.

மழவன் தலையைக் குனிந்துகொண்டான். "தச்சருங்க சாமி. கழுமரம் சீவுறாங்க. நாப்பது நாள்ல நல்லா வழவழன்னு இருக்கணும்னு பிரதானி உத்தரவு."

கூத்தன் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். அவன் மேட்டுப்புஞ்சைக்காரன். காய்ந்த நிலத்தில் பருத்தியும் துவரையும் எப்படிப் பிழைக்கும் என்று கைகளுக்குத் தெரியும். களைக்கொத்தை எடுத்தான். முதலில் செடியைச் சுற்றி முளைத்திருந்த புல்லையும் பூண்டையும் வேரோடு பறித்தான். பிறகு மேல்மண்ணை மெல்லக் கொத்தினான். கொத்திய கட்டிகளை உள்ளங்கையால் நசுக்கி மாவு போல ஆக்கினான். எட்டு விரல் கனத்துக்குப் புழுதி நிற்கிற மாதிரி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

மறுநாளும் வந்து அதே புழுதியைக் கிளறினான். அதற்கு மறுநாளும் கிளறினான். களை ஒன்றும் இல்லாத மண்ணை ஒருவன் உச்சி வெயிலில் கொத்துவதைப் பார்த்துப் பார்த்து மழவனுக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, பயத்துல புத்தி கித்தி பெரண்டு போச்சா? வெறும் மண்ணைப் போட்டு எதுக்கு இந்தக் கொத்து கொத்துறீக?"

"இதுநாள் வரைக்கும் இந்தத் தோட்டத்துக்குத் தண்ணி பாஞ்சிருக்குல்ல? அந்த ஈரம் கீழ இருக்கு மழவா. வெயில் காய்ச்சினா அது மேல ஏறி வரும்."

"தண்ணி எப்படி சாமி மேல ஏறும்? அதுக்குக் காலா இருக்கு?"

"வீட்டுக் கூரையில தீப்பிடிச்சா ஊர்ச்சனம் வரிசையா நின்னு குடம் கை மாத்துதில்ல? அந்த மாதிரி. ஒரு மண்ணு அடுத்த மண்ணுகிட்டக் குடுக்கும். அது அதுக்கு மேல இருக்கிறதுகிட்டக் குடுக்கும். மேல வந்து சேந்ததை வெயில் குடிச்சிட்டுப் போயிரும். நான் நடுவுல வரிசையை அறுத்து விடுறேன். புழுதியில மண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவுல காத்துதான் இருக்கு. கை எட்டாது. ஈரம் கீழயே நின்னுக்கும். நின்னதைச் செடி குடிச்சுக்கும்."

மழவன் புழுதியைப் பார்த்தான், செடியைப் பார்த்தான். "நெசமாவா சாமி?"

"நெசமாத்தான் இருக்கணும்" என்றான் கூத்தன்.  ஊரில் ஒரு செடி போனால் இன்னொரு செடி இருக்கும். இங்கே இருப்பது ஒரே ஒரு செடி. அதுவும் ராஜா வீட்டுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த சொகுசுச் செடி.

மத்தியானம் ஆனால் இலைகள் தொங்கிவிடும். காது மடங்கிய ஆட்டுக்குட்டி போல இருக்கும். கூத்தன் எதிரே உட்கார்ந்து அதையே பார்ப்பான். பொழுது சாயச் சாய இலை ஒவ்வொன்றாக நிமிரும். கடைசி இலை நிமிர்ந்த பிறகுதான் அவன் எழுந்து வீட்டுக்குப் போவான். வீட்டில் சோறு இறங்காது.

"ரெண்டு வாயாச்சும் சாப்பிடுங்க. செடி குடிக்குதோ இல்லையோ, நீங்க வாடிக்கிட்டு இருக்கீங்க" என்பாள் வெள்ளையம்மை.

"சுவருக்கு அந்தப் பக்கம் இன்னைக்குச் சத்தம் நின்னுபோச்சு வெள்ளை. சீவி முடிச்சிட்டாங்க போல. எண்ணெய் வாசம் வருது."

"ஊருல எங்க அண்ணன் நேத்து ஆளு விட்டிருந்தாரு. நீங்க கொத்துறதைக் கேள்விப்பட்டு அங்கயும் எல்லாரும் வயலைப் புழுதியடிக்க எறங்கிட்டாங்களாம். தொவரை இன்னும் நிக்குதாம். 'மாப்பிள்ளை இருக்காரு, பயமில்லை'ன்னு சொல்லச் சொன்னாரு."

கூத்தன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

இருபத்திரண்டாம் நாள். பிரதானி நயினாரப்பர் தோட்டத்துக்கு வந்தார். செடி வாடியிருக்கும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், அது நிற்கிற நிலையைப் பார்த்து முகம் சுருங்கினார். கூத்தன் புழுதியைக் கிளறுவதை அரை நாழிகை கவனித்தார். அவர் முட்டாள் இல்லை. இந்தப் புழுதியில்தான் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"விகடரே, உமக்குச் சிரமம் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் கோசாலை மாடுகள் பொய்கைக்குப் போகிற பாதை இடிந்துவிட்டது. இன்று ஒரு நாள் இந்த வழியாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போய் மறைவதற்குள் நாற்பது மாடுகள் வந்தன. மழவனும் காவலர்களும் செடியைச் சுற்றிக் கை கோத்து நின்றதால் செடி தப்பியது. ஆனால் மாடுகள் போவதும் வருவதுமாக மிதித்ததில் புழுதி முழுவதும் களம் சாணி மெழுகினது போல இறுகிவிட்டது. அன்றைக்குப் பொழுது போய்விட்டதால் தோட்டத்தைப் பூட்டிக் கூத்தனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கூத்தன் வந்தபோது மழவன் தோட்டத்து வாசலுக்கே ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"சாமி! தெய்வம் கண்ணைத் தொறந்திருச்சு! மாடு மிதிச்ச எடமெல்லாம் ஈரம் கசிஞ்சு கெடக்கு. கறுப்பு கறுப்பா குளம்புத் தடம். இத்தனை நாளு காஞ்சு கெடந்த மண்ணு சாமி! செடிக்கு இனிமே கவலையில்லை!"

கூத்தன் கயிற்றருகே வந்து பார்த்தான். உண்மைதான். ஒவ்வொரு குளம்படியும் தண்ணீர் தெளித்தது போல் கறுத்திருந்தது. காவலர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.  கூத்தன் கண்ணுக்கு அது ஈரமாகப் படவில்லை, காயத்திலிருந்து கசிகிற ரத்தமாகப் பட்டது. மிதித்து நெருக்கிய மண் வழியாகக் கீழே இருந்த ஈரம் இரவெல்லாம் மேலே ஏறி வந்து, இதோ சூரியன் வரும் வரை காத்திருக்கிறது. இன்னும் இரண்டு நாழிகையில் வெயில் அதை நக்கிவிடும். பிறகு கீழிருந்து இன்னும் வரும். அதையும் நக்கும்.

"கும்பிட்டது போதும், வேலைக் கீழ வையிங்கடா! ஆளுக்கொரு கொத்தை எடுங்க!" என்று கத்தினான். அவன் கத்தி யாரும் கேட்டதில்லை. காவலர்கள் பயந்து போய்க் குனிந்தார்கள். வெயில் சுவரைத் தாண்டுவதற்குள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இறுகின மண் முழுவதையும் கொத்தி நசுக்கிப் பழையபடி புழுதியாக்கினார்கள்.

ஆனாலும் போனது போனதுதான். அன்றிலிருந்து சாயங்காலம் இலைகள் நிமிர்வதற்கு நேரமாகத் தொடங்கியது. முப்பதாம் நாள் அடியிலை இரண்டு பழுத்து விழுந்தன. முப்பத்தைந்தாம் நாள் இன்னும் மூன்று. உச்சியில் ஒரு ஊதாப் பூ மட்டும் பிஞ்சு பிடித்து, கட்டைவிரல் பருமனில் ஒரு காய் தொங்கியது. செடி தன் உயிரையெல்லாம் அதில் ஒளித்துவைத்தது மாதிரி இருந்தது. கூத்தன் சபைக்குப் போனான், ராஜாவைச் சிரிக்க வைத்தான், திரும்பி வந்து செடியின் எதிரே உட்கார்ந்தான். பேசிப் பேசி வாய் உலர்ந்துபோகும். பக்கத்தில் பானையில் தண்ணீர் இருக்கும். செடியின் எதிரே அதைக் குடிக்க அவனுக்கு மனம் வராது, சுவர் ஓரமாகப் போய்த் திரும்பி நின்று குடிப்பான்.

நாற்பதாம் நாள் வந்தது. சூரியன் கிளம்பும்போதே இரண்டு சேவகர்கள் வந்து கூத்தனைச் சபைக்கு அழைத்துப் போனார்கள். "தீர்ப்பு நாள். காவலர்களும் சாட்சி சொல்லச் சபைக்கு வரவேண்டும்" என்று பிரதானியின் உத்தரவு. மழவனும் ஆட்களும் தோட்டத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து வரிசையாக நின்றார்கள். மேட்டுப்புஞ்சைக்காரர்கள் வாசலில் கூடியிருந்தார்கள். ராஜா வந்து அமர்ந்தார். பிரதானியை மட்டும் காணவில்லை.

வெகு நேரம் கழித்து அவர் வந்தார். மேல்துண்டை முழங்காலுக்குக் கீழே தொங்கும்படி சரித்துப் போர்த்தியிருந்தார். "பூஜை முடிய நேரமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும்" என்றார். பிறகு, காவலர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி நிறுத்தி விசாரித்தார். எல்லாரும், "ஒரு சொட்டு ஊத்தல மகாராஜா" என்றார்கள்.

"எதற்கும் நேரில் பார்த்துவிடலாமே" என்றார் பிரதானி.

ராஜா முன்னே போனார். கதவு திறந்தது. செடி உயிரோடு நின்றது. அதைச் சுற்றி ஒரு குண்டான் அகலத்துக்குப் புழுதி கறுத்து, சேறாகி, வெயிலில் மினுமினுத்தது.

 ராஜாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"கூத்தா! நாற்பது நாளும் என் கண்ணில் மண்ணைத் தூவினாயா?"

கூத்தன் நிமிர்ந்து பார்த்தான்.  சுவருக்கு மேலே கழுமரத்தின் எண்ணெய் பூசிய நுனி தெரிந்தது.  செடியின் அருகே அப்படியே குப்புற விழுந்தான். விழுந்த வேகத்தில் வலது கை சேற்றுக்குள் மணிக்கட்டு வரை இறங்கிவிட்டது.

கை அங்கேயே நின்றது. மேலே ஈரம். ஆனால் விரல் நுனியில் மாவு.

காய்ந்த மாவு. சேற்றுக்கு அடியில்.

கூத்தன் தலையை நிமிர்த்தினான். கண்ணில் நீர் நின்றது. "மகாராஜா, கழுவேறப் போகிறவன் கடைசி ஆசை ஒன்று கேட்கலாமா? ஒரு மண்வெட்டி வேண்டும்."

"எதற்கு?"

"இந்த மண்ணைச் சாட்சி விசாரிக்க வேண்டும். எல்லாரையும் விசாரித்தாயிற்று, இதை மட்டும் யாரும் கேட்கவில்லை."

ராஜா கையசைத்தார். மழவன் மண்வெட்டி கொடுத்தான். கூத்தன் சேற்றின் ஓரமாகக் குறுக்கே ஒரு குழி எடுத்து, வெட்டின பக்கத்தைச் சுவர் போல நேராக்கினான்.  ராஜா குனிந்து பார்த்தார். மேலே ஆறு விரல் கனத்துக்குக் கறுத்த ஈரம். அதற்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வெளுத்த புழுதி. அதற்கும் கீழே மறுபடியும் கருஞ்சிவப்பாகக் குளிர்ந்த ஈரமண். அதில்தான் செடியின் வேர்கள் ஓடியிருந்தன.

"மகாராஜா, இங்கே இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஒன்றை ஒன்று இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை. கீழே இருப்பது நாற்பது நாளாகச் செடி குடித்த பழைய தண்ணீர். மேலே இருப்பது புதுத் தண்ணீர். அது செடியின் வாய்க்கு இன்னும் வந்து சேரவில்லை."

"புதிதென்றால் எப்போது ஊற்றியது? நேற்றா?"

"காய்ந்த புழுதிக்குள் தண்ணீர் ஓடாது மகாராஜா, நகரும். இந்த மண்ணையே கேட்டுப் பார்க்கலாம். அந்த மூலையில் நான் கொத்திப்போட்ட இதே புழுதிதான் கிடக்கிறது. அங்கே ஒரு குடம் ஊற்ற உத்தரவாக வேண்டும். பொழுதை அளக்க அரண்மனையிலிருந்து நாழிகை வட்டிலும் வரவேண்டும்."

"மகாராஜா, இவன் சாவுக்குப் பயந்து பொழுதை ஓட்டுகிறான்!" என்றார் பிரதானி.

"அது உண்மைதான். பயமாகத்தான் இருக்கிறது" என்றான் கூத்தன்.

ராஜாவுக்கு ஆவல் வந்துவிட்டது. குடை பிடிக்கச் சொல்லி ஆசனம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றினார்கள். நாழிகை வட்டில் மெல்ல நிறையத் தொடங்கியது. வெயில் ஏறியது.  ஒரு நாழிகை ஆனதும் வெட்டிப் பார்த்தார்கள். நாலு விரல் ஈரம். ராஜாவே விரல் வைத்து அளந்தார். கூத்தன் மனத்துக்குள், இன்னும் இரண்டு விரல், இன்னும் இரண்டு விரல் என்று எண்ணிக்கொண்டிருந்தான். தண்ணீர் வேகமாக இறங்கிவிட்டாலும் அவன் கதை முடிந்தது, இறங்காமல் நின்றுவிட்டாலும் முடிந்தது. அவன் உடம்பு வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது.

வட்டில் இரண்டாம் முறை நிறைந்தது. மழவன் இன்னோர் இடத்தில் வெட்டினான். ராஜா விரல்களை வைத்தார். நாலு. ஐந்து. ஆறு.

"ஆறு" என்றார் ராஜா. நிமிர்ந்தார். "அப்படியானால் நாம் வந்து பார்த்ததற்கு இரண்டு நாழிகை முன்னால் ஊற்றியிருக்கிறது. அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்?"

"சூரியன் கிளம்பினதிலிருந்து சபையில் எல்லார் கண் முன்னாலும் நின்றேன் மகாராஜா. மழவனும் ஆட்களும் என் பக்கத்தில். ஊர்க்காரர்கள் வாசலில்."

"அப்போது சபையில் இல்லாதவர் யார்?"

 அந்தப் பெயரைச் சொல்லக் கூத்தனுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் அவன் கண்கள் அவனை மீறிப் பிரதானியின் காலடிக்குப் போயின. ராஜாவின் கண்களும் பின்னாலேயே போயின. இரண்டு நாழிகை வெயிலில் நின்ற புழுக்கத்தில் பிரதானி தம்மையறியாமல் மேல்துண்டை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார். பட்டு வேட்டியின் கரை முழுவதும் செம்மண் தெறித்திருந்தது. கீழே தெறித்த சேற்றுத் தண்ணீர் நூல் வழியாக மேலே ஏறி, முழங்காலுக்கு அருகே சிவப்பாக ஒரு கோடு போட்டு அங்கே காய்ந்து நின்றது.

"பூஜை அறையில் சேறா, நயினாரப்பரே?" என்றார் ராஜா.

பிரதானியின் கையிலிருந்த துண்டு விழுந்தது. அவர் விழுந்தது அதற்குப் பிறகு. "மகாராஜா… அடியேன்…"

"செடிக்குத் தண்ணீர் ஊற்றினவனுக்குக் கழுமரம் என்று சொன்னேன். மழவா, இவனைக் கொண்டு போ!"

வாசலில் ஊர்க்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். காவலர்கள் பிரதானியின் கைகளைப் பிடித்தார்கள்.  அந்த நொடியில்தான் ராஜா என்ன சொல்லிவிட்டார் என்று கூத்தனுக்குப் புரிந்தது.

"மகாராஜா! வேண்டாம்!" என்று ராஜாவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன கூத்தா? உன்னைக் கொல்லப் பார்த்தவன் இவன்."

"செடிக்குத் தண்ணீர் ஊற்றினார் என்று இவரைக் கழுவேற்றினால், செடிக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது என்று ஆகிறது. அப்படியானால் ஒரு சொட்டும் ஊற்றாமல் நாற்பது நாள் என்ற உத்தரவு என்ன ஆகும்? நாளைக்கே யாராவது வந்து, பந்தயம் முறிந்தது, ஊரைக் காலி செய் என்பார்கள். நானும் இவர் பக்கத்திலேயே ஏற வேண்டியதுதான்."

"அப்படியானால் இவன் ஊற்றவில்லை என்கிறாயா?"

"ஊற்றினார் மகாராஜா. ஆனால் செடிக்கு ஊற்றவில்லை. புழுதிக்கு ஊற்றினார். செடிக்கு ஊற்றியிருந்தால் செடி குடித்திருக்க வேண்டும் அல்லவா? நாம் வந்து வெட்டியபோது நடுவில் இரண்டு விரல் காய்ந்த புழுதி இருந்தது, தாங்களே குனிந்து பார்த்தீர்கள். புழுதிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மகாராஜா எந்த நாளும் உத்தரவு போடவில்லை."

ராஜா குழியைப் பார்த்தார். பிரதானியைப் பார்த்தார். தன் காலைப் பிடித்திருக்கிற விகடனைப் பார்த்தார்.

"உன் உயிரைக் காப்பாற்ற அவன் உயிரைக் காப்பாற்றுகிறாய்."

"வேறு வழி தெரியவில்லை மகாராஜா. இதைவிடக் கெட்டிக்காரனாக இருந்தால் என்னை மட்டும் காப்பாற்றியிருப்பேன்."

ராஜாவின் மீசை துடித்தது. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு ஆசனத்தின் கையைத் தட்டித் தட்டி, குடை பிடித்தவன் குடையோடு ஆடும்படி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "புழுதிக்கு ஊற்றினானாம்! புழுதிக்கு!" காவலர்களும் சிரித்தார்கள். கைகள் விடுபட்ட பிரதானிகூட அழுகையோடு அழுகையாகச் சிரித்தார்.

"புழுதியின் மேல் இவ்வளவு பிரியம் என்றால் பிரதானி இங்கே ஏன் இருக்க வேண்டும்?" என்றார் ராஜா. "மேட்டுப்புஞ்சைக்குப் போய் மழை வரும் வரை அந்த அறுபது குடும்பத்து வயலிலும் புழுதியடித்துக் கொடுக்கட்டும். ஜனங்கள் ஊரிலேயே இருக்கலாம். பொய்கைத் தண்ணீர் இன்றைக்கே அவர்கள் மாடுகளுக்குப் போகட்டும். கூத்தா, உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"அரண்மனைக் கொல்லர்களை விட்டு வீட்டுக்கு ஒரு களைக்கொத்து அடித்துக் கொடுக்க உத்தரவாக வேண்டும். எனக்கு…" கூத்தன் தயங்கினான். "எனக்கு இங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்ள அனுமதி வேண்டும். கால் நிற்கவில்லை."

ராஜா தம் தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்து, சேறும் வியர்வையுமாக இருந்தவன் மேலேயே போர்த்தினார். பிறகு குனிந்து, கட்டைவிரல் பருமன் இருந்த அந்தக் கத்தரிக்காயைத் தம் கையாலேயே பறித்து மடப்பள்ளிக்கு அனுப்பினார். அன்றைக்கு ராஜா இலையில் பதினெட்டு வகைக் கறி இருந்ததாம். அந்த ஒரு துண்டைத்தான் கடைசி வரை ஒதுக்கி வைத்துச் சாப்பிட்டாராம்.

கூத்தன் வீட்டுக்கு வந்தபோது வெள்ளையம்மை வாசலிலேயே நின்றாள். சால்வையைப் பார்த்தாள்.  சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மெல்ல, "இன்னைக்கு நான் பேசினதுல ராஜாவுக்கு ஏதாச்சும் குத்தலா பட்டிருக்குமா வெள்ளை?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, கழுவிய கை காய்வதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிந்தித்தான் வந்தது. மேட்டுப்புஞ்சையில் முதல் தூறல் விழுந்தபோது பிரதானி ஒரு துவரை வயலின் நடுவே களைக்கொத்தோடு குனிந்திருந்தார். அறுபது வீட்டு ஜனங்களும் வெளியே ஓடி வந்து நனைந்தார்கள். ஒரு வீட்டுக் கதவிலும் பூட்டு இல்லை.